வெள்ளானூர்ச் சுவரில் ஒரு ஜெர்மன் பெரியவர்

1

நாங்கள் ஜெர்மனிக்குக் குடிவந்து பதினேழு ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு என் கணவர் பாஸ்கர் கேசரி கிண்டினார். வருடா வருடம் செய்வதுதான். வந்த வருடம் ரவை எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரியாமல் குழந்தைக் கஞ்சி மாவில் கிண்டி, அது பசையாகிப் போன கதையை இந்த முறையும் சொன்னார். எங்கள் மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, "ரொம்ப இனிப்பு" என்று அவள் மொழியில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் மொழி என்றால் ஜெர்மன்.

கேசரி தின்ற கையோடு நான் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கிளம்பினேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளானூரில் பிறந்து, ஆவடியில் பள்ளி படித்து, சென்னையில் தத்துவம் எம்.ஏ. முடித்தவள். வேறு பாடத்தில் இடம் கிடைக்காததால்தான் தத்துவத்தில் சேர்ந்தேன். சேர்ந்த பிறகு விட முடியவில்லை. கல்யாணமாகி இங்கே வந்து, ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் பல வருடம் வேலை பார்த்தேன். யாழினி தானாகப் பள்ளிக்குப் போய்வரத் தொடங்கியதும், நாற்பது தாண்டிய வயதில் மறுபடியும் மாணவியானேன். பாடம், நவீன ஐரோப்பியத் தத்துவம். பக்கத்து நாற்காலியில் உட்கார்கிறவர்களுக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட.

அந்த இடம் சுலபத்தில் கிடைத்துவிடவில்லை. சென்னைப் பட்டத்தைப் பாதிதான் ஒப்புக்கொள்வோம் என்றார்கள். மொழித் தேர்வு, அத்தாட்சி பெற்ற மொழிபெயர்ப்பு, அதற்கு முத்திரை, அந்த முத்திரை உண்மை என்பதற்கு இன்னொரு முத்திரை. விண்ணப்பக் கடிதத்தில் "படிக்க விரும்புகிறேன்" என்று எழுத நினைத்து ஓர் எழுத்தைப் பெரிதாக எழுதிவிட்டேன். ஜெர்மனில் "வ்யூர்டெ" என்ற சொல்லைச் சிறிய எழுத்தில் தொடங்கினால் "செய்வேனே" என்கிற மாதிரி ஒரு துணைச் சொல். பெரிய எழுத்தில் தொடங்கினால் கண்ணியம், மனித மாண்பு. "நான் மாண்பு படிக்க" என்று இருந்திருக்கிறது என் கடிதம். சேர்க்கை அலுவலகத்துப் பெண் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "ஒரு விதத்தில் இதுவும் சரிதான்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஏனென்றால் நான் படிக்க வந்ததே அந்தச் சொல்லைத்தான்.

2

மனித மாண்பைப் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்ற ஒரு பதினெட்டாம் நூற்றாண்டுத் தத்துவவாதி இருக்கிறார். தத்துவம் படித்தவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும், மற்றவர்களுக்குப் பெயர் தேவையில்லை. எங்கள் வீட்டில் அவருக்கு "ஜெர்மன் பெரியவர்" என்றுதான் பெயர். அந்தப் பெயரை வைத்தவர் என் அப்பா.

அப்பா பெயர் முனுசாமி. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தொழிற்சங்கக்காரர். அவருடைய அப்பா வெள்ளானூரில் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிடப்படாதவர். எம்.ஏ. முதல் வருடத்தில் ஒருநாள் மின்சார ரயிலில் வீடு திரும்பியதும், கைகூடக் கழுவாமல் அப்பாவிடம் அன்றைய பாடத்தைச் சொன்னேன். எந்த மனிதரையும் இன்னொருவருடைய காரியத்துக்கான வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்று ஒருவர் நிறுவியிருக்கிறார். சாமி சொன்னதற்காகவோ ராஜா சொன்னதற்காகவோ இல்லை, அறிவை வைத்தே நிறுவியிருக்கிறார் என்றேன்.

அப்பா அதைச் சுருக்கினார். "மனுசன் ஸ்பானர் இல்லன்றாரு. அவ்ளோதான?"

"அவ்ளோதாம்பா."

"யாரு அது?"

பெயரைச் சொன்னேன். அவர் வாயில் நுழையவில்லை. "ஜெர்மன் பெரியவர்னு வெச்சிக்கலாம்" என்றார். அடுத்த வாரமே ஆலை வாசல் கூட்டத்தில் அதைப் பேசிவிட்டு வந்தார். கைதட்டு பலமாம். அன்றிலிருந்து அந்தப் பெரியவர் எங்களுக்கு உறவுக்காரர் மாதிரி.

அவரைப் படிக்கத்தான் அவருடைய நாட்டுக்கே வந்து, அவருடைய மொழியையே கற்றேன். கேசரி தின்ற அந்த மாலை நூலகத்தில், கருத்தரங்குக்காக அவருடைய மொத்த எழுத்துகளின் அடுக்கில் ஒரு தொகுதியைத் தேடிக்கொண்டிருந்தேன். கைக்கு வந்தது வேறொன்று. புவியியல் பற்றி அவர் வகுப்பில் சொன்னவை. ஊரை விட்டு அதிகம் வெளியே போகாதவர் உலகத்தைப் பற்றி என்னதான் சொல்லியிருப்பார் என்று நின்றபடியே புரட்டினேன்.

மனித இனங்களை அவர் நிறத்தை வைத்துப் படி போட்டு நிறுத்தியிருந்தார். மேல் படியில் வெள்ளையர். நாங்கள் அதற்குக் கீழே ஒரு படியில்.

என் ஜெர்மன்தான் தப்பு என்று முதலில் நினைத்தேன். உட்கார்ந்து அகராதியில் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். ஏதாவது ஒரு சொல்லுக்குப் பழைய காலத்தில் வேறு பொருள் இருந்திருக்கும், இவர் வேறு யாரோ சொன்னதை மறுப்பதற்காக எடுத்துக் காட்டியிருப்பார் என்று தேடினேன். இல்லை. பிறகு எங்கள் நாட்டு மக்களைப் பற்றி அவர் சொன்ன வேறோர் இடத்தையும் தேடிப் பிடித்தேன். இவர்களுக்குக் கைக்கலைகளைக் கற்றுத்தரலாம், அருவமான கருத்துகள் இவர்களுக்கு எட்டாது என்பது அதன் சாரம்.

அருவமான கருத்துகள் படிக்கத்தான் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். காது அடைத்துக்கொண்டது. பக்கத்தில் ஒருவர் மூக்குச் சிந்துவது எங்கோ தூரத்தில் கேட்டது. எழுந்து நின்றபோது எந்தப் பக்கம் வாசல் என்று தெரியவில்லை. இரண்டு வருடமாகப் போய்வரும் நூலகம் அது.

3

மறுநாள் பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டினேன். நல்ல மனுஷி. அறுபதை நெருங்குகிறவர், என் உச்சரிப்பைக் கேட்டு ஒருநாளும் முகம் சுளிக்காதவர். பக்கங்களைப் பிரதியெடுத்து அவர் மேசைமேல் வைத்தேன். இதைச் சொல்ல எனக்கு நேர்ந்ததே என்று இருந்தது. கேட்டால் அவர் உடைந்துபோவார் என்று பயமாகவும் இருந்தது.

அவர் தாளைப் பார்த்தார். "ஆமாம்" என்றார். "இது தெரிந்த விஷயம்தான்."

"யாருக்குத் தெரியும்?"

"துறையில் எல்லாருக்கும். நிறைய எழுதியும் இருக்கிறார்கள். கடைசிக் காலத்தில் மாற்றிக்கொண்டார் என்று ஒரு தரப்பு, இல்லை என்று ஒரு தரப்பு. அவருடைய அறக் கோட்பாட்டிலிருந்து இதைப் பிரித்து வைத்துப் படிப்பதுதான் பொது வழக்கம். வேண்டுமானால் உங்கள் உரையில் ஓர் அடிக்குறிப்பாகச் சேர்க்கலாம்."

அவர் குரலில் பொய் இல்லை, கேலி இல்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரல். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்தப் பக்கத்தைப் படித்தபோது விழுந்தது ஒரு அடி. அது எல்லாருக்கும் தெரியும் என்றபோது விழுந்தது அதைவிடப் பெரிய அடி. இத்தனை பேர் தெரிந்துகொண்டே அன்றாடம் வகுப்புக்கு வந்து, குறிப்பெடுத்து, காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது பாஸ்கரிடம் சொன்னேன். அவர் முகப்பேரில் வளர்ந்தவர், மென்பொருள் வேலை. "அந்தக் காலத்து ஆளு, அப்படித்தான் இருந்திருப்பாங்க" என்று ஆறுதல் சொல்லப் பார்த்தார்.

யாழினி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அது எல்லாருக்கும் தெரியும்தானேம்மா. எங்க புக்குல இருக்கு."

"உங்க ஸ்கூல் புக்குலயா?"

"அறவியல் புக். சாம்பல் கலர் பெட்டி போட்டு இருக்கு. அந்தப் பாடம் போன வருஷமே முடிஞ்சிருச்சு."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீங்கதானே அதைப் படிக்கிறீங்க?" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

4

அந்த வாரக் கடைசியில் அப்பா ஊரிலிருந்து போனில் கூப்பிட்டார். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவர் முழுநேரமும் ஒரே வேலையில் இருந்தார். வெள்ளானூரில் பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு படிப்பகம். பழைய எஸ்டேட் கூட்டாளிகள் சேர்ந்து, ஊராரிடம் பேசி இடம் வாங்கி, ஓர் அறை எழுப்பிவிட்டார்கள். செய்தித்தாள், போட்டித் தேர்வுப் புத்தகம், நாலு மேசை. விடுமுறையில் நாங்கள் வரும் நேரம் பார்த்துத் திறப்பு விழா வைத்திருந்தார்கள்.

"வெளிச்செவுத்துல நம்ம தலைவருங்க படம் எல்லாம் வருது. கூட நம்ம பெரியவரையும் வரையச் சொல்லிட்டேன். நீ அனுப்பின போட்டோ கீதுல்ல? நீ வந்து அவரப் பத்தி ரெண்டு வார்த்த பேசணும். பேனர்லயே உம் பேரு போட்டாச்சு."

"அப்பா..."

"இன்னாமா?"

"ஒண்ணுமில்லப்பா. வந்து பேசுறேன்."

நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். விமானத்தில் சொல்ல வேண்டிய வாக்கியங்களை ஒத்திகை பார்த்தபடியே வந்தேன். கீழே சென்னையின் விளக்குகள் தெரிந்தபோதும் முதல் வாக்கியம் அமையவில்லை.

வெள்ளானூர் வருடத்துக்கு ஒரு முகம் எடுக்கிறது. மாடு மேய்ந்த இடத்தில் மனைப்பிரிவுக் கொடிகள், ஏரியைப் பார்க்க அடுக்கு வீடுகள், அவற்றின் வாசலில் தண்ணீர் லாரிகள். காலையில் நானும் யாழினியும் போய் இறங்கினோம், பாஸ்கருக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பா எங்களைப் பெட்டியை வைக்கக்கூட விடவில்லை. "வா, வா, மொதல்ல செவுத்தப் பாரு" என்று யாழினியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

சாரத்தில் உட்கார்ந்து ஓவியர் குமார் எழுத்துகளுக்கு ஓரம் தீட்டிக்கொண்டிருந்தார். முத்தாபுதுப்பேட்டைக்காரர். ஃபிளெக்ஸ் பேனர் வந்த பிறகு சுவர் வேலை அரிது என்பதால் ஆசையாக வரைந்திருந்தார். எங்கள் தலைவர்கள் வரிசையாக இருந்தார்கள். கடைசியில் பெரியவர். சுருண்ட வெள்ளை முடி, கழுத்தில் மடிப்பு வைத்த துணி, உயர்ந்த நெற்றி எல்லாம் அப்படியே இருந்தன. தோல் மட்டும் நல்ல மாநிறம். எங்கள் தெருவில் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டு "வாங்க பெரியப்பா" என்று சொல்லத் தோன்றும் நிறம். தலைக்கு மேலே: எந்த மனிதரும் எவருக்கும் கருவி அல்ல.

"கலர்..." என்றேன்.

குமார் இறங்கி வந்தார். "நீங்க அனுப்பினது ப்ளாக் அண்ட் ஒயிட்டு படம்க்கா. அவரு இன்னா கலருன்னு யாரு கண்டா? மனுசன் கலர்ல போட்டுட்டேன். தப்பா?"

அப்போதுதான் யாழினி சிரிக்கத் தொடங்கினாள்.

மெல்லத்தான் தொடங்கியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, மண்ணில் உட்கார்ந்து சிரித்தாள். குமார் முகம் சுருங்கியது. அப்பா, "ஏய், இன்னா இது, மனுசன் கஸ்டப்பட்டு வரஞ்சிகீறாரு" என்று அதட்டினார். அவள் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. கிட்டே போய்த் தோளைத் தொட்டபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னாடா கண்ணு?" அப்பா பதறி அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "தாத்தா திட்டினனா? இன்னா ஆச்சு?"

அவளுடைய தமிழில் வினைச்சொல் எப்போதும் வழுக்கும். "தாத்தா, இவர் நம்மளை மனுசன்னு நெனக்கலை. கீழ போட்டாரு. கலரை வெச்சு. எங்க புக்குல இருக்கு. கிளாஸ்ல வரிசையா ஒவ்வொருத்தரா வாசிக்கணும். அந்தப் பெட்டி எனக்கு வந்துச்சு. நான் வாசிச்சது. எல்லாரும் திரும்பி என்னைப் பாத்தது. வாசிச்சு முடிச்சேன், டீச்சர் 'நன்றி, அடுத்தவர்'னு சொன்னாங்க. அவ்ளோதான். அடுத்தவர் வாசிச்சாங்க."

நான் அவள் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். போன வருடம் நடந்திருக்கிறது. அன்று மாலையும் வீட்டுக்கு வந்து நான் வைத்த சோற்றைத் தின்றிருப்பாள். நான் இந்தப் பெரியவரின் புத்தகத்தை மேசையில் விரித்து, அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

5

அப்பா என்னைப் பார்த்தார். "கொழந்த சொல்றது நெஜமா?"

"நெஜம்ப்பா. எனக்கே இப்பத்தான் தெரியும்."

"இப்பத்தானா?" அவர் குரல் உயர்ந்தது. "காலேஜுல படிச்சே. அங்க போயி படிக்கற. அந்தாளு ஊர்லயே குந்திகினு படிக்கற. இத்தினி வருசம் இன்னாதான் படிச்ச நீ?"

சென்னையில் எங்களுக்கு வந்தது இரண்டு அத்தியாயச் சுருக்கம் என்றோ, ஜெர்மனியில் பாடத்திட்டத்தில் அந்தத் தொகுதி இல்லை என்றோ சொல்லியிருக்கலாம். அந்தச் சுவரின் முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அவர் எழுந்து குமாரிடம், "பிரஷ்ஷ குடு" என்றார். குமார் தரவில்லை. "அண்ணாத்தே, ரெண்டு நாளு வேல. ஒரு நிமிசம் யோசிங்க." இருவரும் இழுத்துக்கொண்டதில் வெள்ளைச் சாயம் அப்பாவின் சட்டையெல்லாம் தெறித்தது. அவர் பிரஷ்ஷை விட்டுவிட்டு, கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல் மேட்டில் போய் உட்கார்ந்தார். "இவனுக்கா நான் கேட்ல நின்னு கை தட்ட வெச்சேன்" என்றார். இருபது வருடத்துக்கு மேலாக "அவரு" என்று சொல்லிவந்தவர். மரியாதை விகுதி போய்விட்டிருந்தது.

திறப்பு விழா மறுநாள் காலை. நாற்காலி போட்டு, ஒலிபெருக்கி கட்டி, ஊர் வந்து உட்கார்ந்திருந்தது. பேனரில் என் பெயருக்கு முன்னால் "ஜெர்மன் தத்துவ மேதை" என்று போட்டிருந்தார்கள். பார்க்க வெட்கமாக இருந்தது. அப்பா மைக்கை வாங்கினார். வரவேற்புரை ஏதும் இல்லை. "எம் பேத்தி ஒண்ணு சொல்லிச்சு. எம் பொண்ணு அத உங்களுக்குச் சொல்லும்" என்று என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பக்கத்தின் பிரதி என் கைப்பையில் இருந்தது. ஜெர்மனில் இருப்பதைத் தமிழில் சொல்ல வேண்டும். அதுவரை அந்த வரிகளை நான் தமிழில் நினைத்துப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஜெர்மனில் அது நீண்ட வாக்கியம். வினைச்சொல் கடைசியில் வரும் என்று காத்திருப்பதிலேயே பாதி வலி குறைந்துவிடும். தமிழில் அப்படி ஒளிய இடமில்லை. வெள்ளை, கறுப்பு, மேல், கீழ். எல்லாம் நாங்கள் தினமும் பேசுகிற சொற்கள். அருவமான கருத்து இவர்களுக்கு எட்டாது என்ற இடத்துக்கு வந்தபோது ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினேன். ஒலிபெருக்கி என் மூச்சை ஊர் முழுக்கப் போட்டது.

முதல் வரிசையில் ஒருவர், "யாரு? இந்தாளா? நம்மளயா?" என்று எழுந்து நின்றார். பின்னாலிருந்து, "அப்ப எதுக்கு இவரு படம்?" என்று ஒரு குரல். ஒரு பெண் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். தலைமை தாங்க வந்திருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வேறு நிகழ்ச்சி இருப்பதாகக் கிளம்பிவிட்டார். யாரும் அவரை வழியனுப்பப் போகவில்லை.

அழிக்க வேண்டும் என்று பாதிப் பேர். வாசகம் நல்ல வாசகம், முகத்தை மட்டும் அழி என்று சிலர். சொன்னவன் தப்பானவன் என்றால் சொன்னதும் தப்புதானே என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், "எங்க மொதலாளியும்தான் நல்லா பேசுவாரு" என்றார். குமார் ஒரு ஓரத்தில் பிரஷ்ஷோடு நின்று யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் விழித்தார்.

அப்போது தேவி எழுந்தாள். என்னோடு பள்ளியில் படித்தவள், எஸ்டேட்டில் பேக்கிங் கம்பெனியில் வேலை, படிப்பகத்தின் செயலாளர். மைக்கை வாங்கவில்லை. அவளுக்கு அது தேவையும் இல்லை.

"அழிச்சிட்டா மட்டும்? நாளைக்கி நம்ம புள்ளைங்க பெரிய படிப்பு படிக்கப் போவும். இவரு புக்கு கைல வரும். நம்ம யாழினி மாதிரி தனியா நின்னு படிச்சி, தனியா அழுவும். இங்கயே கீழ எழுதுங்க. இவரு இதுவும் சொன்னாரு, அதுவும் சொன்னாருன்னு. தெரிஞ்சிகினே போவட்டும்."

கூச்சல் சட்டென்று நிற்கவில்லை. அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "நம்ம செவுத்துல நம்மளத் திட்டினத நாமளே எழுதறதா?" என்று கத்தினார். தேவியும் கத்தினாள். வெயில் ஏறியது, டீ வந்தது, சிலர் எழுந்து போனார்கள், போனவர்கள் வேறு சிலரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். தேவி பக்கம் கூடுதல் கைகள். அப்பாவின் கை தொடையிலேயே இருந்தது. யாழினி தன் கையைத் தூக்கியிருந்தாள். அவளுக்கு ஓட்டு உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

என்ன எழுத வேண்டும் என்று குமார் என்னிடம்தான் கேட்டார். நான் சொல்லச் சொல்ல, சிறிய எழுத்தில், படத்துக்குக் கீழே எழுதினார். ஓர் இடத்தில் பிரஷ் நின்றது. "இத அப்டியே எழுதணுமாக்கா?" என்று கேட்டார். அப்படியேதான் என்றேன். அப்பா அங்கே இல்லை. வீட்டுக்குப் போய்ச் சட்டையிலிருந்த சாயத்தை மண்ணெண்ணெய் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் திரும்பும்வரை அவர் அந்தச் சுவரின் பக்கம் போகவில்லை. என்னோடு பேசினார், குறைவாக. யாழினியைத்தான் ஒரு நிமிடமும் விட்டு விலகவில்லை. அவர்கள் இருவரும் மொட்டைமாடியில் உட்கார்ந்து எதையோ பேசிக்கொண்டிருப்பார்கள். நான் ஏறிப் போனால் பேச்சு நின்றுவிடும்.

6

திரும்பி வந்த பிறகு கருத்தரங்கில் என் முறை வந்தது. அடிக்குறிப்பாகச் சேர்க்கலாம் என்று பேராசிரியர் சொன்னதை உரையின் முதல் வரியாக வைத்தேன். அதற்குப் பிறகு என்ன வாதம் வைப்பது என்று பல வாரம் எழுதி எழுதிக் கிழித்திருந்தேன். எழுந்து நின்றபோது வாதத்தை விட்டுவிட்டு வெள்ளானூரில் நடந்ததைச் சொன்னேன். சுவரை, மாநிறப் படத்தை, மணல் மேட்டில் உட்கார்ந்த மனிதரை, கையைத் திருப்பிப் பார்த்த பெண்ணை. என் ஜெர்மன் அன்று மிக மோசமாக இருந்தது. எங்கே பெரிய எழுத்து, எங்கே சிறிய எழுத்து என்று பேச்சில் தெரியாது என்பது ஒன்றுதான் வசதி.

பிறகு கேட்டேன்: "இது துறையில் எல்லாருக்கும் தெரியும் என்கிறார்கள். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். நீங்கள் இதை முதல்முதலாகப் படித்தபோது உங்களுக்கு என்ன ஆயிற்று?"

மடிக்கணினிகளில் தட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ஒரு மாணவன் ஜன்னலைப் பார்த்தான். அந்தக் காலத்துச் சூழல் என்று ஒருத்தி தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். நான் காத்திருந்தேன். உட்காரத் தோன்றவில்லை.

பேராசிரியர், வகுப்பறையின் பின்பக்கச் சுவரோரமாக நின்றிருந்தார். அவர் மெல்ல முன்னால் நடந்து வந்தார்.

"எனக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும்" என்றார். "இதே நூலகத்தில்தான் படித்தேன்." கண்ணாடியைக் கழற்றினார். "ஒன்றும் ஆகவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்."

அதைத் தன் வாயாலேயே சொல்லிக் கேட்ட பிறகு அவருடைய கழுத்து சிவந்தது. பிறகு கன்னம், நெற்றி. ஒரு கையால் காற்றில் மேசையைத் தேடினார். மேசை அங்கே இல்லை. முன்வரிசை மாணவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

நான் என் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் உட்கார்ந்தார்.